மெட்டு வந்தது, பருவம் வரவில்லை

ஹிட்ச்காக்கின் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' 1956-இல் வெளிவந்தது. அதில் டோரிஸ் டே பாடிய 'கே சரா சரா' உலகம் முழுக்க ஓடி, ஆஸ்கர் விருதும் வாங்கியது. மறு வருஷமே, சேலம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'ஆரவல்லி' படத்தில் அந்த மெட்டு தமிழில் ஒலித்தது. இசை ஜி. ராமநாதன், வரிகள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், குரல் ஜிக்கி. டி.ஆர். சுந்தரம் 1930-களில் கட்டியெழுப்பிய அந்த ஸ்டுடியோ மேல்நாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்காக்குவதில் கைதேர்ந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கேதான் உருவானது. 1960-களில் அதே கம்பெனியின் துப்பறியும் படங்களுக்கு இசையமைத்த வேதா, இந்தி மெட்டுகளையும் மேல்நாட்டு மெட்டுகளையும் கூச்சமில்லாமல் எடுத்தாண்டார். இன்றைக்கும் அந்தப் பாட்டுகளைக் கேட்டால் சலிப்பதில்லை.

மேல்நாட்டு மெட்டுக்கு இவ்வளவு அகலமான வாசல் திறந்திருந்த ஊர் இது. ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொடிகட்டிப் பறந்த இன்னொரு பெரிய பாட்டுக் குடும்பம், செர்ரிப் பூவையும் ஆப்பிள் பூவையும் ஏப்ரல் மாதத்தையும் பாடிய வசந்தப் பாட்டுகள், இங்கே வேர் பிடிக்கவில்லை. 'கே சரா சரா' பிழைத்ததற்குக் காரணம் எளிது. நான் வளர்ந்து என்ன ஆவேன் என்று எந்த ஊர்ப் பிள்ளையும் அம்மாவிடம் கேட்கும். அதற்குப் பருவம் தேவையில்லை. வசந்தப் பாட்டு அப்படியல்ல, அதற்குப் பின்னால் ஒரு குளிர்காலம் வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் அது கிடையாது. இந்தச் சமவெளியில் செர்ரி பிளாஸம் என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஷூவுக்குப் போடும் பாலிஷ் டப்பாதான் நினைவுக்கு வரும்.

அந்தப் பாட்டுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், வசந்தம் என்ற ஒரே பெயரில் அங்கே பல சரக்கு இருப்பது தெரியும். பிரெஞ்சுக் கிளையில் மூத்தது 'லெ தான் தெ செரீஸ்', செர்ரிப் பழக் காலம். ஜான்-பாப்திஸ்த் க்ளெமான் 1866-இல் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து அந்துவான் ரெனார் மெட்டமைத்தார். எழுதியபோது அது வெறும் காதல் பாட்டு. 1871-இல் பாரிஸ் கம்யூன் எழுந்து, மே மாதக் கடைசியில் ரத்த வெள்ளத்தில் நசுக்கப்பட்டது. க்ளெமான் அந்தப் போராட்டத்தில் நின்றவர். தடுப்பரண்களுக்கு நடுவே காயம்பட்டவர்களைக் கவனித்த லூயிஸ் என்ற பெண்ணுக்கு அந்தப் பாட்டைப் பிற்பாடு காணிக்கையாக்கினார். சொற்கள் மாறவேயில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிரான்ஸில் அதைப் பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அந்தச் சிவப்புப் பழம் சிந்திய ரத்தமாகவே தெரிந்தது. ஒரு பாட்டின் பொருளைப் பாட்டுக்கு வெளியே நடப்பது தீர்மானிப்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அதே பிரான்ஸில் 1950-இல் லூயிகி மெட்டமைத்த ரோஜா நிறச் செர்ரி மரங்களும் வெள்ளை ஆப்பிள் மரங்களும் பற்றிய பாட்டு, அட்லாண்டிக் கடலைத் தாண்டியபோது சொற்களைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனது. கியூபாவில் பிறந்த பெரஸ் பிராதோ அதை மாம்போ தாளத்தில் வெறும் வாத்திய இசையாக வாசித்தார். ட்ரம்பெட் ஒரு ஸ்வரத்திலிருந்து வழுக்கிக்கொண்டே கீழே இறங்கி நிற்கும் அந்த ஓர் இடத்துக்காகவே மக்கள் ரிக்கார்டு வாங்கினார்கள். 1955-இல் அமெரிக்காவில் 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. மேலை உலகின் மிகப் பிரபலமான செர்ரிப் பூப் பாட்டில் செர்ரிப் பூவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்கக் கிளைக்கு வந்தால் 1920-இன் 'ஆப்பிள் பிளாஸம் டைம்' பாட்டை 1941-இல் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மறுபடி பாடினார்கள். போருக்குப் போகிறவன் திரும்பி வந்து கல்யாணம் செய்துகொள்ளும் கனவாக அது மாறிவிட்டது. வாஷிங்டனில் செர்ரி மரங்கள் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தன: டோக்கியோ மேயர் யூகியோ ஒசாகி அனுப்பிய 3,020 கன்றுகளை 1912-இல் நடத் தொடங்கினார்கள். 1910-இல் வந்த முதல் தவணையில் பூச்சி இருந்ததால் அத்தனையையும் எரிக்க வேண்டியதாயிற்று. 1932-இல் வெர்னன் டியூக்கும் ஹார்பர்கும் சேர்ந்து 'ஏப்ரல் இன் பாரிஸ்' செய்தார்கள். ஹார்பர்க் அதுவரை பாரிஸையே பார்த்ததில்லை, பயண விளம்பரத் தாள்களைப் பார்த்துத்தான் எழுதினார் என்று ஒரு கதை உண்டு. இருபதாண்டு கழித்து அதே பெயரில் வந்த படத்தில் நடித்தவர், நம் 'ஆரவல்லி' மெட்டின் மூலக்காரி டோரிஸ் டே.

எனக்கு இந்த வரிசையில் முக்கியமாகப் படுபவை சோகமான வசந்தப் பாட்டுகள். ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் 1938-இல் செய்த 'ஸ்பிரிங் இஸ் ஹியர்' பாட்டில் வசந்தம் வந்துவிடுகிறது, மனசு மட்டும் ஆட மறுக்கிறது. ஃபிரான் லாண்டஸ்மன் எழுதி டாமி வுல்ஃப் மெட்டமைத்த 1955-ஆம் வருஷப் பாட்டு இன்னும் கசப்பானது. ஏப்ரலைக் கொடிய மாதமாகக் குற்றம்சாட்டித் தொடங்கும் எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' (1922) கவிதையை ஜாஸ் இசைக்காரர்களின் பேச்சுமொழியில் சொல்லிப் பார்த்ததன் விளைவு அது. இவற்றுக்கு நடுவே 'ஸ்டேட் ஃபேர்' (1945) படத்துக்காக ஹாமர்ஸ்டைன் எழுதி ஆஸ்கர் வாங்கிய பாட்டு விசித்திரமானது. கதாநாயகிக்கு வசந்தகால ஏக்கம் வர வேண்டும் என்று அவர் நினைத்தார். ஆனால் ஊர்ச் சந்தை வசந்தத்தில் நடப்பதில்லை. எனவே, இது வசந்தமே இல்லை, இருந்தும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது என்று அவள் பாடினாள். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் 1969 ஏப்ரலில் நண்பர் எரிக் கிளாப்டனின் தோட்டத்தில் எழுதிய சூரியப் பாட்டு நேர்மாறானது, நீண்ட பனிக்காலம் முடிந்த நிம்மதி மட்டும் அதில் இருக்கிறது. அதன் நடுப்பகுதித் தாளக்கட்டில் ரவிசங்கரிடம் அவர் கற்ற கணக்கின் சாயல் தெரிகிறது. இதுவும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான். அதற்குப் பிறகு வந்தவற்றில், 'ஏர்' என்ற பிரெஞ்சு ஜோடியின் 2004-ஆம் வருஷச் செர்ரிப்பூப் பெண் உட்பட, பூ பெரும்பாலும் அலங்காரம் மட்டுமே.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ஒரு மரத்தின் உடலியல். செர்ரி மரம் கோடையிலேயே மொட்டுக் கட்டிவிடும். பிறகு உறங்கும். 7 டிகிரிக்குக் கீழான குளிரில் பல நூறு மணி நேரம் கிடந்தால்தான் அந்த உறக்கம் கலையும். கலைந்ததும் இலைக்கு முன்னால் பூ, அதுவும் ஊரிலுள்ள மரமெல்லாம் ஒரே வாரத்தில். கிளை நிறையப் பூத்து, ஒரு மழைக்கோ காற்றுக்கோ மொத்தமும் உதிர்ந்துவிடும். மேலைநாட்டு வசந்தப் பாட்டில் வரும் அவசரம், இன்றே காதலிக்காவிட்டால் போயிற்று என்ற பதற்றம், இங்கிருந்து வருகிறது. கியோட்டோவில் அந்தப் பூ எந்த நாளில் முழுதாக மலர்ந்தது என்பதற்கு 9-ஆம் நூற்றாண்டிலிருந்தே குறிப்பு இருக்கிறது. 2021-இல் மார்ச் 26-ஆம் தேதியே மலர்ந்து, அதுவரையிலான 1,200 வருஷக் குறிப்புகளில் மிக முந்திய நாளாகப் பதிவானது.

சேலத்தில் மார்கழி இரவும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இங்கே மரத்தை எழுப்ப வேண்டியது குளிர் அல்ல, வறட்சியும் வெயிலும். மாசி, பங்குனியில் இலை கொட்டும். இலவும் பலாசும் மொட்டைக் கிளையில் சிவப்பாகப் பூக்கும். புங்கன் ஒரே வாரத்தில் தளிரும் பூவுமாக மாறி, மரத்தடியில் பொரி கொட்டினாற்போல் கிடக்கும். வேம்பு பங்குனிக் கடைசியில் மணக்கத் தொடங்கும். வீட்டுப் பெண்கள் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துப் பூவைச் சேர்ப்பார்கள்: வருஷப் பிறப்புப் பச்சடிக்குக் கொஞ்சம், காயவைத்து ரசத்துக்குக் கொஞ்சம். சித்திரையில் சரக்கொன்றை. வெயில் 40 டிகிரியைத் தொடும்போதுதான் இங்கே பூவின் உச்சம். வெயில் ஏற ஏறத்தான் இந்த ஊர்ப் பூ தைரியமாகிறது.

பழைய தமிழ்ப் புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஐங்குறுநூற்றில் பாலைப் பகுதியைப் பாடிய ஓதலாந்தையார், இளவேனிலுக்கென்றே ஒரு பத்து ஒதுக்கியிருக்கிறார். காதலன் வராமல் பருவம் மட்டும் வந்து சேர்ந்துவிட்டதே என்ற ஒரே முறையீடு பத்துப் பாட்டிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு பாட்டிலும் குயிலோ வண்டோ மரமோ மாறுகிறது. அந்த மரங்களில் புங்கும் உண்டு, வேம்பும் உண்டு. இன்று ராசிபுரம் சாலையோரத்தில் நிற்கும் அதே மரங்கள். இளவேனில் நம் மரபில் கூடும் பருவமல்ல, பிரிவின் பருவம். வறண்ட வழியில் பொருள் தேடிப் போனவனை நினைத்து வீட்டில் ஒருத்தி கணக்குப் பார்க்கும் பருவம். அதனால்தான் ராட்ஜர்ஸ், ஹார்ட், லாண்டஸ்மன் ஆகியோரின் சோகப் பாட்டுகளைக் கேட்கும்போது எனக்கு வியப்பே வருவதில்லை. மான்ஹாட்டன் நைட் கிளப்பில் பாடப்பட்ட பாலைத்திணை அது. ஓதலாந்தையார் காதில் விழுந்திருந்தால், பதினோராவது பாட்டாகச் சேர்த்துக்கொண்டிருப்பார்.

நம்பிக்கையோடு பூக்கும் பூ சங்க மரபில் வேறு பருவத்துக்குரியது. கார்காலம் வரும், முல்லை பூக்கும், போர் முடித்தவன் தேரில் திரும்புவான். மேலைநாட்டுக்காரனுக்குப் பனி உருகுவது எப்படியோ, அப்படி நமக்கு முதல் மழை. குறுந்தொகையில் கோவர்த்தனார் பாட்டொன்றில், காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிக் கொன்றை பூத்துவிடுகிறது; மரம் ஏமாந்துவிட்டது, பருவம் இன்னும் வரவில்லை, கவலைப்படாதே என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். கியோட்டோக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பருவம் பிசகுவதைப் பற்றிப் பேசும் இன்றைய விஞ்ஞானிகளுக்கு அந்தத் தோழியைப் பிடிக்கும்.

இந்தப் பின்னணியில் தமிழ் சினிமாவின் வசந்தத்தைப் பார்த்தால் ஒரு குழப்பம் தட்டுப்படும். 'ஆரவல்லி'க்கு டோரிஸ் டே மெட்டை எடுத்த அதே ஜி. ராமநாதன், அடுத்த வருஷம் 'சாரங்கதரா' (1958) படத்துக்காகச் சாருகேசியில் 'வசந்த முல்லை'யைக் கொடுத்தார். மருதகாசியின் வரிகள், டி.எம். சௌந்தரராஜன் குரல். தமிழில் வசந்தத்தின் பெயர் சொன்னதும் நினைவுக்கு வரும் முதல் பாட்டு அதுதான். ஆனால் முல்லை கார்காலப் பூ. அதை வசந்தத்தோடு கோத்தது சங்கக் கணக்கில் பிழை. கேட்கிறவர் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, நானும் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் சினிமாவில் வசந்தம் அதற்குள் பருவமாக இருப்பதை நிறுத்திவிட்டது. வடமொழிக் காவியத்திலிருந்து மன்மதனோடும் தென்றலோடும் வந்து, இளமைக்கும் காதலுக்கும் மறுபெயராகத் தங்கிவிட்டது. எந்த மாதத்திலும் வரும், எந்த ஊரிலும் வரும்.

கண்ணதாசனும் விஸ்வநாதனும் இதை நன்றாகப் பயன்படுத்தினார்கள். 'மூன்று தெய்வங்கள்' (1971) படத்தில் வசந்தம் கனவில் நடக்கும் ஒரு திருநாள். 'மூன்று முடிச்சு' (1976) படத்தில் வசந்தகால நதியைப் பாடும் அந்தாதிப் பாட்டு இன்னும் துணிச்சலானது. ஒரு படகில் மூன்று பேர். இருவர் காதலர், துடுப்பு மூன்றாமவன் கையில். பாட்டு முடிவதற்குள் காதலன் தண்ணீரில் விழுகிறான், துடுப்புப் பிடித்தவன் காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். வசந்தத்தை வைத்துக் கொலையை மறைத்த பாட்டு மேலைநாட்டுப் பட்டியலில்கூட எனக்குக் கிடைக்கவில்லை. மற்றபடி, கண்ணுக்குப் பூ வேண்டும் என்றபோது சினிமாக்காரர்கள் ரயிலேறினார்கள். ஸ்ரீதர் 'தேன் நிலவு' (1961) எடுக்கக் காஷ்மீர் போனார். பிறகு சுவிட்சர்லாந்து, ஜப்பான். படம் பிடிக்கப்பட்ட பூ அங்கேயது, பாடிய உணர்ச்சி இங்கேயது. இரண்டும் ஒட்டாமல் நின்ற பாட்டுகள் ஏராளம்.

உண்மையில் தமிழ் சினிமாவின் வசந்தப் பாட்டுகள் மழைப் பாட்டுகளே. 'மௌன ராகம்' (1986) தொடங்கியதும் ரேவதி மழையில் ஆடுவதையும், 'என் சுவாசக் காற்றே' (1999) படத்தில் ரஹ்மான் மழைத்துளியைச் சேகரிப்பதையும், ஹாரிசனின் சூரியப் பாட்டோடு வைத்துக் கேட்டுப் பாருங்கள். விடுதலையுணர்ச்சி ஒன்றே. அங்கே வெயிலுக்காகக் காத்திருந்தவர்கள், இங்கே அதே வெயிலிலிருந்து தப்பியவர்கள். புங்கனும் வேம்பும் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் காடு காடாக விளைந்து சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்கு மூட்டையில் வரும் அரளிக்குக்கூட 'பகவதிபுரம் ரயில்வே கேட்' (1983) படத்தில் இளையராஜா ஒரு தோட்டம் கொடுத்தார். வேப்பம்பூவுக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. மாம்பூ கதையும் ஏறக்குறைய அதுதான். கொஞ்சம் குளிர்ந்த இரவை எதிர்பார்க்கும் மரம் மா. தை, மாசியில் பூவெடுக்கும். சேலம் மாந்தோப்புகளில் அந்தப் பூவைப் பார்த்தே குத்தகை பேசுவார்கள். வியாபாரி அண்ணாந்து பார்த்து ஒரு தொகை சொல்வார், தோப்புக்காரர் இன்னொன்று சொல்வார். பூ அங்கே காசுக் கணக்கு.

இருந்தாலும், பூ பார்க்கக் கூட்டமாகப் போய்ப் பாடும் வழக்கம் இங்கே இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொங்குச் சீமையில், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் உட்பட, பொங்கலுக்கு முந்தின நாளே காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு இறவாணத்திலும் காட்டிலும் செருகுவார்கள். பொங்கல் கழிந்ததும் பூப்பறிக்கிற நோம்பி. பெண்களும் பிள்ளைகளும் முறுக்கு, கரும்பு, கச்சாயம் கட்டிக்கொண்டு கரட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ போய் ஆவாரம்பூப் பறிப்பார்கள். ஓலையக்காவை அழைத்துப் பாடும் கும்மி அப்போதுதான். ஜப்பானியர் செர்ரி மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து உண்பதோடு இதை ஒப்பிட யாரும் மெனக்கெடவில்லை. ஆவாரம்பூ மஞ்சளாகக் கரட்டில் எங்கும் கிடப்பதால் மதிப்பில்லை போலும். வித்தியாசம் ஒன்று உண்டு: அவர்கள் பூவைப் பார்ப்பார்கள், இவர்கள் பறிப்பார்கள். ஆவாரை பறிக்கப் பறிக்கப் பூக்கும் செடி, அதனால் கும்மியில் உதிர்வு பற்றிய ஏக்கம் இல்லை, கேலியும் கொண்டாட்டமும்தான்.

ஏப்ரலில் பாடிய பாட்டொன்று இந்த மண்ணுக்கும் உண்டு, பூ இல்லாத பாட்டு. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவரும் ஆன ராஜாஜி, திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். வழிநடைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. சித்திரை வெயிலில் இரண்டு வாரம் அதைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். 'ஏப்ரல் இன் பாரிஸ்' பிறக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. க்ளெமானின் செர்ரிப் பாட்டு காதலில் தொடங்கிப் போராட்டத்தில் போய்ச் சேர்ந்தது; நாமக்கல் கவிஞருடையது போராட்டத்துக்கென்றே பிறந்தது. பருவத்தைப் பற்றி அவர் எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை, நடந்தவர்களின் முதுகில் அது காய்ந்துகொண்டிருந்தது.

இந்தியாவில் மேல்நாட்டுப் பாட்டும் செர்ரிப் பூவும் நேரில் சந்திக்கும் ஊர் ஷில்லாங். 2016 முதல் அங்கே செர்ரிப் பூ விழா நடக்கிறது. நே-யோ, ஏகான் போன்றவர்கள் வந்து பாடியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இமயமலைக் காட்டுச் செர்ரி பூப்பது நவம்பரில். வசந்தமே இல்லாத செர்ரிப் பூ விழா! ஹாமர்ஸ்டைனின் கதாநாயகி அங்கே நிம்மதியாகப் பாடலாம்.

சேலத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஏற்காட்டில், கலெக்டர் காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த காபிச் செடி, செர்ரி செய்வதையெல்லாம் செய்கிறது. மொட்டுக் கட்டி வறட்சியில் உறங்கும். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால், எட்டுப் பத்து நாளில் மலைச்சரிவு மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகும், மல்லிகை வாசனை அடிக்கும், மூன்று நாலு நாளில் தீர்ந்துவிடும். குளிரின் வேலையை வறட்சியும், வெயிலின் வேலையை மழையும் செய்கின்றன. பாட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: காத்திருப்பு, திடீர் மலர்வு, உதிர்வு. தோட்டக்காரர்கள் அந்த மழைக்காக வானத்தைப் பார்க்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் மே மாதக் கோடை விழாவுக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அப்போது மலர்க் கண்காட்சியில் இருப்பவை தொட்டிப் பூக்கள். காபிச் செடியில் பச்சைக் காய் பிடித்திருக்கும். யாராவது அதற்கு ஒரு பாட்டுக் கட்ட நினைத்தால், மார்ச் மாதத்தில் எந்த நாள் மழை பெய்தது என்று எஸ்டேட்டில் யாரையாவது விசாரித்துவிட்டு மலையேறுவது நல்லது.